ஏறுவெயிலில் தொடங்கிய எழுத்து

நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூர் வட்டத்தில் உள்ள ஜேடர்பாளையத்தில் காவிரியைத் தடுத்துக் கட்டிய பழைய அணையிலிருந்து ராஜ வாய்க்கால் பிரிகிறது. அதுவும் அதனோடு சேர்ந்த கொமாரபாளையம், பொய்யேரி, மோகனூர் வாய்க்கால்களும் ஆற்றை ஒட்டியே ஓடி வேலூர், மோகனூர் வரை நிலத்தை நனைப்பதால், அந்தப் பக்கம் முழுவதும் கரும்பும் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலுமாக இருக்கிறது. வாய்க்கால் பாயும் எல்லையைத் தாண்டித் திருச்செங்கோட்டுத் திசையில் சில மைல் போனால் நிலத்தின் நிறமே மாறி, மழையை மட்டும் நம்பிக் கிடக்கும் மானாவாரி நிலமாகிய மேட்டாங்காடு தொடங்கிவிடுகிறது. கம்பு, சோளம், நிலக்கடலை, ஆமணக்கு, வெள்ளாட்டுப் பட்டி, வரப்போரப் பனை என்று அங்கே வாழ்க்கை வேறு கணக்கில் நடக்கிறது. இதே காவிரியின் டெல்டாப் பகுதி கு.ப.ராஜகோபாலன், ந.பிச்சமூர்த்தி, தி.ஜானகிராமன் எனத் தமிழ்ப் புனைகதைக்குப் பெரிய வரிசையையே தந்திருக்க, மேற்கே கொங்கு நாட்டில் நாவல் எழுந்தது ஆற்று நீர் எட்டாத இந்தக் காட்டிலிருந்துதான் என்பது கவனிக்க வேண்டிய செய்தி.

அந்தக் காட்டின் நாவலாசிரியர் பெருமாள்முருகன். 1966-இல் திருச்செங்கோட்டை அடுத்த கூட்டப்பள்ளியில் வேளாண்குடும்பத்தில் பிறந்த அவர், தம் முதல் நாவலான ‘ஏறுவெயில்’ வெளிவந்த 1991-இல் இருபத்தைந்து வயது இளைஞர். அதன்பின் 1993-இல் ‘நிழல் முற்றம்’, 2000-இல் ‘கூள மாதாரி’ என முதல் பத்தாண்டுக்குள் அவர் எழுதிய மூன்று நாவல்களும், அதே 2000-இல் அவர் தொகுத்து வெளியிட்ட ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’யும் ஒரே முயற்சியின் பகுதிகள். எழுத்தில் இடம்பெறாத ஒரு நிலப்பகுதியின் மனிதர்களையும் உழைப்பையும் பேச்சையும் முழுமையாக எழுத்துக்குள் கொண்டுவருவதே அந்த முயற்சி. இந்தத் தொடக்ககாலம் இன்று போதிய அளவு படிக்கப்படவில்லை. படிக்காமல் விடுவதால் இழப்பு அவருக்கு அன்று, அவருடைய மாவட்டத்துக்குத்தான்.

படிக்கப்படாததற்குக் காரணம் வெளிப்படையானது. 2010-இல் வெளிவந்த ‘மாதொருபாகன்’ நாவலுக்கு நான்கு ஆண்டுகள் கழித்து எழுந்த எதிர்ப்பும், 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சுவார்த்தையும், அதைத் தொடர்ந்து எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டதாக அவரே வெளியிட்ட அறிவிப்பும், 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு ஆதரவாக வழங்கிய தீர்ப்பும் உலகெங்கும் செய்தியாயின. பின்னர் ‘பூக்குழி’யின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2023-இல் சர்வதேசப் புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. அதே ஆண்டில் ‘ஆளண்டாப் பட்சி’யின் ஆங்கில வடிவம் ஜே.சி.பி. இலக்கியப் பரிசைப் பெற்றது. இவ்வளவுக்கும் பிறகு அவரைப் படிக்க வருகிற வாசகர் வழக்கின் வாசல் வழியாகவே உள்ளே வருகிறார். அந்த வாசலில் நுழைகிறவருக்கு அவர் ஒரு கருத்துரிமைப் போராளியாகத் தென்படுகிறாரே தவிர, இருபத்தைந்து ஆண்டுகள் ஒரே நிலத்தைத் திரும்பத் திரும்ப உழுது எழுதியவராகத் தென்படுவதில்லை.

தொடக்கத்திலிருந்து பார்த்தால் படம் வேறாகத் தெரியும். தந்தை வேளாண்மையோடு திருச்செங்கோட்டுத் திரையரங்கில் சோடாக் கடையும் நடத்தியவர். எனவே காடும் கொட்டகையும் சிறுவனுக்கு ஒருசேரப் பழகின. ஈரோட்டில் தமிழ் இளங்கலையும் கோவையில் முதுகலையும் முடித்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்குச் சேர்ந்து, பின்னர் அரசுக் கல்லூரித் தமிழாசிரியராகி நீண்டகாலம் நாமக்கல் அரசு கலைக் கல்லூரியில் பணியாற்றினார். ‘நிகழ்வு’ என்னும் சிறுகதை 1988-இல் ‘கணையாழி’யில் வெளிவந்தது. அந்த ஆண்டுகளில் இடதுசாரி இதழான ‘மன ஓசை’யோடும் அவருக்கு நெருங்கிய தொடர்பு இருந்தது. விற்பனையை நோக்காமல் சில நூறு வாசகர்களுக்காக நடத்தப்பட்ட இத்தகைய இதழ்களைத் தமிழில் சிற்றிதழ் என்பர். இருபது வயதுக்காரர் ஒருவர் எழுதியதை அச்சேற்றி, மூத்தவர்களின் கண்டிப்பான படிப்புக்கு உட்படுத்திய பயிற்சிக்கூடம் அக்காலத்தில் அதுதான்.

‘ஏறுவெயில்’ நாவலின் கதைக்களம் எளியது. வீட்டுவசதிக் குடியிருப்புக்காக ஒரு குடும்பத்தின் பூர்விகக் காடு எடுக்கப்படுகிறது. குடும்பம் சிறிய வீட்டுக்குப் பெயர்கிறது. பிறகு அந்தக் குடும்பம் ஒவ்வோர் இழையாகப் பிரிந்து போவதைச் செல்வன் என்னும் சிறுவனின் கண்கள் பார்க்கின்றன. தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் 1961-இல் அமைக்கப்பட்டது முதல் நகர ஓரக் காடுகள் பலவும், 1894-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின்படி, அதாவது பொதுநோக்கம் என்று அரசு அறிவித்து இழப்பீடு கொடுத்து நிலத்தை எடுத்துக்கொள்ள வழிசெய்த காலனியச் சட்டத்தின்படி, குடியிருப்புகளாயின. அந்தச் சட்டம் 2014-இல்தான் புதிய சட்டத்துக்கு இடம்கொடுத்தது. அரசுக் கோப்பில் அது இத்தனை ஏக்கர், இத்தனை ரூபாய் என்ற இரண்டு எண்களோடு முடிந்துவிடும். காட்டில் உழைத்தவர்களுக்கு நிலம் போனதும் விடிந்தெழுந்து போக இடம் இல்லாமல் போகிறது, ஆடுமாடு கட்ட இடம் இல்லாமல் போகிறது, அண்ணன் தம்பியை ஒரே வேலையில் பிணைத்து வைத்திருந்த காரணமே இல்லாமல் போகிறது. கைக்கு வரும் ரொக்கம் அந்த இடத்தை நிரப்புவதற்குப் பதிலாகப் பொறாமையையும் பேராசையையும் கொண்டுவந்து சேர்க்கிறது. இந்த உள்மாற்றத்தைத் தமிழில் இவ்வளவு அருகிலிருந்து எழுதிய முதல் நாவல்களில் ‘ஏறுவெயில்’ ஒன்று.

இளமையின் குறைகளும் அதில் உண்டு. நிகழ்ச்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. சில மனிதர்கள் வந்த வேகத்தில் மறைகிறார்கள். ஆனாலும் எழுத்தாளருக்குத் தாம் எழுதும் பொருளில் ஐயமே இல்லை. ஊர் அழிந்துவிட்டதே என்று அழுது தீர்க்கும் நூலாக அது எளிதில் ஆகியிருக்கலாம். குடும்பத்துக்குள்ளேயே இருந்த கசப்பையும் சாதிச் செருக்கையும் மறைக்காமல் எழுதியதால் அந்த வலையில் அது விழவில்லை.

இந்த இடத்தில் ஜெர்மனியின் இளம் நாவலாசிரியர் ஒருவரின் தொடக்கத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன்தரும். 1875-இல் வடஜெர்மானியத் துறைமுக நகரான லூபெக்கில் தானிய வணிகக் குடும்பத்தில் பிறந்த தாமஸ் மான், 1891-இல் தந்தை இறந்து வணிகம் கலைக்கப்பட்டபின் மியூனிக் நகருக்குப் பெயர்ந்தார். 1898-இல் முதல் சிறுகதைத் தொகுதியை வெளியிட்டார். இத்தாலியில் தங்கியிருந்தபோது தொடங்கிய ‘புடன்புரோக்ஸ்’ நாவலை 1900-இல் முடித்து, கையிலிருந்த ஒரே கையெழுத்துப் படியைப் பெர்லின் பதிப்பாளர் சாமுவேல் ஃபிஷருக்கு அனுப்பினார். நாவலைப் பாதியாகக் குறைக்கச் சொன்ன பதிப்பாளருக்கு, அப்போது கட்டாய இராணுவப் பணியில் இருந்த அந்த இளைஞர் இராணுவ மருத்துவமனையிலிருந்தே மறுப்புக் கடிதம் எழுதினார். 1901-இல் முழு வடிவில் இரண்டு தொகுதிகளாக வந்த நாவல் முதலில் மெல்ல விற்று, 1903-இல் ஒரே தொகுதியாக வந்தபிறகு பெருவெற்றி பெற்றது. ஒரு குடும்பத்தின் வீழ்ச்சி என்பதே அதன் துணைத்தலைப்பு. நாவல் முதலில் வெளிவந்தபோது அவருக்கு வயது இருபத்தாறு.

சொந்தக் குடும்பத்தின் சரிவைச் சொந்த ஊரின் பேச்சோடு எழுதிய அந்த நூலை லூபெக் நகரத்தார் எளிதில் பொறுத்துக்கொள்ளவில்லை. எந்தப் பாத்திரம் ஊரில் யார் என்று குறித்த பட்டியல்கள் கைமாறின. நூல் வெளிவந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1913-இல், ஆசிரியரின் சிற்றப்பாவே உள்ளூர்ப் பத்திரிகையில் தம் அண்ணன் மகனைக் கண்டித்து விளம்பரம் கொடுத்தார். இத்தனைக்கும் 1929-இல் தாமஸ் மானுக்கு நோபல் பரிசு வழங்கியபோது குழு முதன்மையாகச் சுட்டியது அந்த முதல் நாவலைத்தான். அந்த நகரமும் 1955-இல் அவரைச் சிறப்புக் குடிமகனாக்கியது. இன்று லூபெக்குக்குப் போகிற பயணிகளுக்குக் காட்டப்படும் இடங்களில் அந்தக் குடும்பத்து வீடும் ஒன்று. கோபித்துக்கொண்ட ஊர் தன் எழுத்தாளரை ஏற்றுக்கொள்ள அங்கே அரை நூற்றாண்டு பிடித்தது.

இரு தொடக்கங்களுக்கும் உள்ள வேறுபாடும் சிறியதன்று. செல்வ வணிகக் குடும்பத்தில் பிறந்த தாமஸ் மானுக்கு எழுத வேண்டிய மொழி ஏற்கெனவே பெரும் இலக்கிய மொழியாக வளர்ந்து முன்னால் இருந்தது. பெருமாள்முருகனுக்கோ தம் காட்டு மக்களின் பேச்சு எழுத்தில் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. தேடலில் அவர் கண்டெடுத்த முன்னோடி ஆர்.ஷண்முகசுந்தரம். தாராபுரம் பக்கத்துக் கீரனூரைச் சேர்ந்த ஷண்முகசுந்தரம், கு.ப.ரா. தந்த ஊக்கத்தில் எழுதி, 1942-இல் தம் இருபதுகளின் நடுவில் வெளியிட்ட ‘நாகம்மாள்’, தமிழின் முதல் வட்டார நாவல் என்று பலராலும் குறிப்பிடப்படுகிறது. ஒரு குறிப்பிட்ட நிலப்பகுதியின் பேச்சு, தொழில், வழக்கம் ஆகியவற்றைப் பின்னணி அலங்காரமாக வைக்காமல் கதையின் உடலாகவே ஆக்கிக்கொள்ளும் நாவலை வட்டார நாவல் என்பர். கைம்பெண்ணான நாகம்மாள் கொழுந்தனிடம் நிலத்தில் பங்கு கேட்பதும், அது கொலையில் போய் முடிவதுமே அதன் கதை. கொங்கின் முதல் நாவலும் நிலத்தைப் பங்கிடுவதைப் பற்றியது, அரை நூற்றாண்டுக்குப் பின் வந்த ‘ஏறுவெயில்’ நிலமே பறிபோவதைப் பற்றியது என்பதைச் சேர்த்துப் படித்தால் இந்தப் பகுதியின் சமூக வரலாறு ஓரளவு பிடிபட்டுவிடும். பெருமாள்முருகனின் முனைவர் பட்ட ஆய்வுப் பொருளாக அமைந்தவை ஷண்முகசுந்தரத்தின் நாவல்கள்தாம். ஒரு நாவலாசிரியர் தம் முன்னோடியைத் தாமே தேர்ந்துகொண்டு ஆண்டுக்கணக்கில் ஆய்ந்த நிகழ்ச்சி தமிழில் அடிக்கடி நடப்பதன்று.

சொல்லகராதி அந்த ஆய்வின் உடன்பிறப்பு. கரிசல் நிலத்துக்குக் கி.ராஜநாராயணன் 1982-இல் செய்து காட்டியதைக் கொங்குக்கு முப்பத்துநான்கு வயதுக்குள் செய்து முடித்தார் பெருமாள்முருகன். காட்டுக்குள் அமைந்த கூரைவீடாகிய சாளை, மாடு கட்டும் இடமாகிய கட்டுத்தரை, எருதுகளைப் பூட்டிக் கிணற்றுநீர் இறைக்கும் கவலை ஆகியவை போன்ற சொற்கள் அவற்றுக்குரிய பொருள்களும் தொழில்களும் மறையும்போது தாமும் மறைகின்றன. மின்மோட்டார் வந்ததும் கவலை போயிற்று. அதைச் சார்ந்து வழங்கிய கருவிப்பெயர்களும் பழமொழிகளும் கூடவே போயின. திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கு இந்தியா முழுதும் பெயர்பெற்ற ஊராக மாறிய காலத்தில், திறந்தவெளிக் கிணற்றைச் சுற்றி வழங்கிய சொற்களை அந்த ஊர்க்காரர் ஒருவர் பொறுக்கிச் சேர்த்தது உரிய நேரத்தில் நடந்த பெரும்பணி.

‘நிழல் முற்றம்’ திரையரங்கின் நாவல். சிறுநகரக் கொட்டகையொன்றில் இடைவேளைக்கு இடைவேளை சோடாவும் தின்பண்டமும் விற்று, இரவில் அங்கேயே படுத்துறங்கும் சத்திவேல் முதலிய பையன்கள்தாம் அதன் மக்கள். படம் ஓடும்போது வெளியே காத்திருந்து, மணி அடித்ததும் கூட்டத்துக்குள் பாய்ந்து, சில நிமிடங்களுக்குள் விற்றுமுடித்து, காலிப் பாட்டில்களை உடையாமலும் தொலையாமலும் திரும்ப எண்ணி ஒப்படைக்க வேண்டிய அந்த வேலையை வெளியிலிருந்து பார்த்து எழுதியிருக்க முடியாது. திரையில் நாயகர்கள் வென்றுகொண்டிருக்கும் அதே கூரையின்கீழ் எந்த வெற்றியும் எட்டாத சிறுவர்களின் பசியும் போதையும் நட்பும் அதில் பதிவாயின. சினிமாவைக் கொண்டாடியும் பழித்தும் ஏராளமாக எழுதிய தமிழில், கொட்டகைத் தொழிலாளியின் பக்கம் நின்ற நாவல் மிக அரிது.

முதல் பத்தாண்டின் சிகரம் ‘கூள மாதாரி’. கொங்குக் காடுகளில் பண்ணயம் என்று வழங்கிய முறையின்படி, அருந்ததியர் குடும்பத்துப் பிள்ளைகள் கவுண்டர் காடுகளில் ஆண்டுக்கணக்கில் வேலைக்கு விடப்படுவார்கள். கூலி தானியமாகவோ பணமாகவோ பெற்றோரிடம் போய்ச் சேரும், அதுவும் பெரும்பாலும் வாங்கிய கடனில் கழியும். பிள்ளை விடிகாலையில் வந்து கட்டுத்தரையைக் கூட்டி, ஆட்டுப்பட்டியைத் திறந்து, பகலெல்லாம் மேய்த்து, இரவிலும் காவலுக்குப் படுக்க வேண்டும். உணவு கிடைக்கும், ஆனால் தனிப் பாத்திரத்தில். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்துவிட்டது என்றாலும், சட்டம் தடைசெய்தது எதை என்பதை நாள்முழுதும் உடனிருந்து காணும் வாய்ப்பைத் தருவது இந்த நாவல். கூளையன் என்னும் சிறுவனும் அவனையொத்த மேய்ப்புப் பிள்ளைகளும் ஏரியிலும் காட்டிலும் விளையாடித் திரியும் பக்கங்கள் மகிழ்ச்சி நிறைந்தவை. அவர்கள் யாருடைய ஆட்டை யாருக்காக மேய்க்கிறார்கள் என்பது ஒரு கணமும் மறைக்கப்படாததால் அந்த மகிழ்ச்சியே வாசகருக்கு வலியாகிறது. கூளையனுக்கும் அவனுடைய எசமான் மகன் செல்வனுக்கும் இடையே வளரும் நட்பு, இருவரும் சிறுவர்களாக இருக்கும்வரை நட்பாகவும், சாதி நினைவுக்கு வரும் கணத்தில் ஆண்டான் அடிமை உறவாகவும் மாறி மாறித் தோன்றுவதை அவர் எழுதிய நுட்பம் அதற்குமுன் கொங்கு நாவலில் இல்லாதது.

நிலவுடைமைச் சாதியில் பிறந்தவர் அந்த நிலத்தில் அடிமைப்பட்டவனின் கண்ணால் எழுதலாமா என்னும் கேள்வி நியாயமானது. அதைத் தவிர்த்துவிட்டு இந்த நாவலைப் பாராட்டுவது சரியாகாது. அதற்கு விடை நாவலின் பார்வைக்கோணத்தில் இருக்கிறது. கவுண்டர் வீட்டின் நல்லெண்ணத்தைச் சொல்லிக் குற்றவுணர்வைத் தணித்துக்கொள்ளும் வழியை அவர் நாடவில்லை. தம் சாதிக்காரர்கள் படித்தால் முகஞ்சுளிக்கும்படி, அன்றாட அவமதிப்பை அதன் அன்றாடத் தொனியிலேயே எழுதினார். அருந்ததியர் தாமே எழுதும் எழுத்துக்கு இது மாற்றாகாது. ஆனாலும் ஆதிக்கச் சாதியில் பிறந்த ஓர் எழுத்தாளர் செய்யக்கூடிய நேர்மையான காரியம் இது. வ.கீதாவின் மொழிபெயர்ப்பில் 2004-இல் ஆங்கிலம் சென்ற இந்நாவல் மறு ஆண்டு கிரியாமா பரிசின் குறும்பட்டியலில் இடம்பெற்றது. ‘மாதொருபாகன்’ எழுதப்படுவதற்கு முன்பே உலகம் அவரை ஒருமுறை கவனித்திருந்தது என்பதை இன்று பலரும் மறந்துவிட்டனர்.

இவையெல்லாம் தனிமனிதத் திறமையால் மட்டும் விளைந்தவை அல்ல. அரசு கலைக் கல்லூரியின் குறைந்த கட்டணம், தமிழிலக்கியம் படித்தவனுக்கும் அரசு வேலை கிடைக்கும் என்ற நிலை, அச்சிட இடம் தந்த சிற்றிதழ், முன்னோடியின் நூல்களைத் தேடி எடுக்க உதவிய நூலகம் ஆகியவை இல்லாமல் போயிருந்தால் கூட்டப்பள்ளிக் காட்டிலிருந்து ஒரு நாவலாசிரியர் கிளம்பியிருப்பது கடினம். இதை அறிந்தவர் என்பதால்தான் போலும், நாமக்கல்லில் ஆசிரியராக இருந்தபோது ‘கூடு’ என்னும் பெயரில் மாணவர்கள் கூடிக் கட்டுரை படித்து விவாதிக்கும் சந்திப்பை அவர் நடத்திவந்தார். சாதியைப் பற்றிய சொந்த அனுபவங்களை மாணவர்களும் நண்பர்களும் எழுதிய கட்டுரைகளைத் தொகுத்து ‘சாதியும் நானும்’ என்னும் நூலாக 2013-இல் கொண்டுவந்தார். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவர்களின் எழுத்து அதில் அச்சேறியது.

சேலத்திலிருந்து பிரிந்து 1997 ஜனவரி 1 அன்று தனியாக நின்ற நாமக்கல் மாவட்டம் இன்று முட்டைக்கும் லாரிக்கும் தனியார் உறைவிடப் பள்ளிகளுக்கும் பெயர்பெற்றிருக்கிறது. உழைப்பால் வந்த அந்தப் பெயரில் குறைசொல்ல ஒன்றும் இல்லை. ஆனால், இந்தப் பகுதிப் பள்ளிகள் பலவற்றில் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தையே ஒதுக்கிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை இரண்டு ஆண்டுகள் மனப்பாடம் செய்விக்கும் வழக்கம் வேரூன்றி, அதைத் தடுக்க 2017–18-இல் பதினொன்றாம் வகுப்புக்கும் அரசுப் பொதுத்தேர்வு கொண்டுவர வேண்டியிருந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். மதிப்பெண்ணுக்கு வெளியே ஒரு பக்கமும் படிக்க நேரம் தராத விடுதியில் அடைக்கப்பட்ட பதினாறு வயதுக்காரரிடமிருந்து ‘ஏறுவெயில்’ வராது. ஊரைவிட்டு விடுதிக்கும் விடுதியிலிருந்து பொறியியல் கல்லூரிக்கும் போகிறவருக்குத் தாத்தா பேசிய சொற்கள் காதில் விழ வாய்ப்பே இல்லை. நிலம் இன்றும் மனையாக மாறிக்கொண்டிருக்கிறது. வெல்லம் காய்ச்சும் ஆலைக்கொட்டகைகளில் இன்று வேலைசெய்கிறவர்களில் வடமாநிலத்திலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். இதையெல்லாம் எழுத வேண்டிய இருபத்தைந்து வயதுக்காரர் இந்த மாவட்டத்தில் எங்கோ இருக்கிறார். அவர் ஒரு பெண்ணாகவோ பண்ணயத்தில் இருந்தவரின் பேரனாகவோ இருப்பதற்கான வாய்ப்பு முன்னைவிட இப்போது அதிகம்.

அவருக்குச் செய்யவேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. ஜேடர்பாளையம் முதல் திருச்செங்கோடு வரையுள்ள நூலகங்கள் ஷண்முகசுந்தரத்தின் நாவல்களையும் பெருமாள்முருகனின் முதல் மூன்று நாவல்களையும் கொங்குச் சொல்லகராதியையும் தனி அடுக்கில் வைக்க வேண்டும். மாவட்டத்துக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் ‘கூள மாதாரி’யைப் பாடமாக்கி, வாய்க்கால் பாசனத்துச் சொற்களையும் கொடிக்கால் சொற்களையும் சேகரிக்கும் பணியை மாணவர்களுக்கு ஆய்வுப் பொருளாகத் தர வேண்டும், மேட்டாங்காட்டுக்கு ஒருவர் செய்த பணியைக் காவிரிக்கரைக்கும் யாரேனும் செய்தாக வேண்டும். பள்ளிகள் வாரத்துக்கு ஒரு பாடவேளையையாவது பாடநூல் அல்லாத புத்தகத்துக்கு விட வேண்டும். பெருமாள்முருகனை இனிமேல் படிக்கத் தொடங்குகிறவர்கள் வழக்கில் சிக்கிய நூலைப் பிறகு வைத்துக்கொண்டு, இருபத்தைந்து வயதில் அவர் எழுதிய ‘ஏறுவெயில்’ நாவலை முதலில் கையில் எடுக்க வேண்டும்.